வயிறு கட்டிய ஆடு, குட்டி சிக்கிய ஆடு: கத்தி எடுக்கும் முன்னும் பின்னும்

முதலில் நோய் எதுவும் இல்லாத ஒரு ஆட்டைப் பிடித்து நிறுத்திக்கொள்ளுங்கள். இடதுபக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அங்கே கையை மடக்கி முஷ்டியாக வைத்து, மெதுவாக அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். உள்ளே ஏதோ புரண்டு வந்து உங்கள் கையை வெளியே தள்ளும், நிமிடத்துக்கு ஒன்று இரண்டு தடவை. அதுதான் முதல் வயிறு, தின்றதையெல்லாம் தேக்கி வைத்து ஊறப்போடும் தொட்டி, மருத்துவர்கள் ரூமன் என்று சொல்வது. இந்தத் தள்ளலை நல்ல ஆட்டில் நாலு தடவை கையில் வாங்கிப் பழகியவருக்கு, கெட்ட ஆட்டில் அது இல்லாமல் போவது உடனே தெரிந்துவிடும்.

இந்தப் பள்ளத்தில் இருந்து ஆரம்பிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயிற்றில் அடைத்துக் கிடப்பதை எடுப்பதானாலும் சரி, வெளியே வர முடியாத குட்டியை எடுப்பதானாலும் சரி, பெரும்பாலும் இதே பள்ளத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறோம். ஆட்டு வயிற்றைத் திறந்து மூடுவதே பல வருடமாக என் பிழைப்பு. இரண்டு அறுவையிலும் நான் பார்த்தது ஒன்றுதான்: என் தையல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், மூன்றாம் நாள் வந்த ஆடு மூன்றாம் நாள் வந்த ஆடுதான். அதனால் இதில் பாதி ஆடு வளர்ப்பவருக்கு, மீதி புதிதாகக் கத்தி பிடிக்கும் கால்நடை மருத்துவருக்கு. வளர்ப்பவர் இதைப் படித்துவிட்டுத் தானே அறுக்கக் கிளம்ப வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரியும், அதற்குத்தான்.

கை சொல்லும் சேதி

ஆடு தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, அசை போடவில்லை, பல்லை நறநறவென்று கடிக்கிறது, புழுக்கை குறைந்து காய்ந்து கிடக்கிறது. பள்ளத்தில் கையை வையுங்கள். விரல் போட்ட குழி பிசைந்த மாவில் பதிந்த மாதிரி அப்படியே நின்றால், உள்ளே தீனியோ வேறு எதுவோ கெட்டித்துக் கிடக்கிறது. மேல்பக்கம் மத்தளம் மாதிரி விறைத்து, சுண்டினால் டம்டம் என்று கேட்டால் அது காற்று. அழுத்தினால் தண்ணீர்ப் பை மாதிரி சளக் சளக் என்று தளும்பினால், தானியத்தையோ மாவையோ மூட்டையோடு தின்று புளிக்க வைத்துக்கொண்ட ஆடாக இருக்கக்கூடும்.

இந்த மூன்றில் தளும்பும் வயிறுதான் ஆளை ஏமாற்றும். தானியம் புளித்தால் லாக்டிக் அமிலம் ஊறுகிறது, அது உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கிறது, கண் குழிவிழுகிறது, ஆடு குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறது, கழிச்சலும் சேர்ந்துகொள்கிறது. வயிற்று நீரைக் குழாய் விட்டு எடுத்து அமிலத்தாளில் தொட்டுப் பார்த்தால் pH அளவு (இது இறங்க இறங்கப் புளிப்பு அதிகம்) 5.5க்குக் கீழே இருக்கும். சாதாரணமாக 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது, அளவும் 5ஐ ஒட்டி இறங்கிவிட்டது என்றால் இதற்கு நாள் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

பிளாஸ்டிக் தின்ற ஆட்டின் கதை வேறு. அது ஒரே நாளில் விழாது. வயிறு பெருத்துக்கொண்டே போகும், உடம்பு மெலிந்துகொண்டே வரும், அவ்வப்போது லேசாக உப்பும், தானாக இறங்கும், மறுபடி உப்பும். துணி, கயிறு, தோல் என்று கண்டதைக் கடிக்கிற பழக்கமும் அதற்கு இருந்திருக்கும். பாஸ்பரஸ் போன்ற தாது குறைந்த ஆடுகளுக்கு அந்தப் புத்தி வரும். ஒரு ஆட்டின் வயிற்றில் நைலான் கயிற்றின் ஒரு முனை என் கையில் அகப்பட்டது. இழுத்தேன், வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, நடுநடுவே பிளாஸ்டிக் பைகள் முடிச்சு முடிச்சாகக் கோத்துக்கொண்டு. கடைசியில் வெளியே வந்த உருண்டை ஒரு சின்னத் தலையணை அளவு. ஆட்டைக் கொண்டுவந்தவர் இரண்டு மாதமாகச் செரிமானப் பொடி கொடுத்துக்கொண்டிருந்தாராம். பிளாஸ்டிக்கைக் கரைக்கிற பொடி எதுவும் கிடையாது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சினை வயிறு பெரும்பாலும் வலது பக்கம் கீழே சரிந்து தொங்கும், ஏனென்றால் இடதுபக்கத்தை முதல் வயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது மேல்பக்கம் புடைத்தால் அதைச் சினை என்று நினைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்காதீர்கள்.

மருந்தா, கத்தியா

கெட்டித்தது வெறும் தீனி என்றால் முதலில் மருந்துதான். நிறையத் தண்ணீர், நரம்பு வழியாகச் சலைன், குழாய் வழியாக லிக்விட் பாரஃபின், பள்ளத்தைக் கையால் பிசைந்து விடுதல். குழாய் வழியாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லிக்விட் பாரஃபினுக்கு ருசியே கிடையாது, வாயில் ஊற்றினால் ஆட்டுக்கு விழுங்கத் தோன்றாது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். படுத்துக் கிடக்கிற ஆட்டின் தலையைத் தூக்கிப் பிடித்துப் பாட்டிலைக் கவிழ்ப்பவர்கள் வயிற்று நோயை நுரையீரல் நோயாக மாற்றித் தருகிறார்கள்.

புளித்த வயிற்றுக்கு அமிலத்தை முறிக்கச் சோடா உப்பு, சலைன், கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின். வயிற்றில் அதை உண்டாக்கித் தரும் நுண்ணுயிர்கள் அமிலத்தில் செத்துப்போவதால் மூளையும் பாதிக்கும், அதற்காகத்தான். உப்பி மூச்சுத் திணறினால் முதலில் குழாய் விட்டுக் காற்றை இறக்க வேண்டும். சாகப்போகிறது என்கிற கட்டத்தில் மட்டும் இடது பள்ளத்தில் குத்துவது.

ஒரு நாள் முழுக்க முறையாக மருந்து போட்டும் பள்ளம் அசையவில்லை, உள்ளே அந்நியப் பொருள் என்று சந்தேகம் வலுத்துவிட்டது, அல்லது புளித்த வயிறோடு ஆடு சரிந்துவிட்டது என்றால் கத்திதான். இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்று சொல்கிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் ஆடு அவருடையதாக இருக்காது.

முதல் வயிற்றைத் திறப்பது

அவசரம் இல்லையென்றால் வளர்ந்த ஆட்டுக்கு 12 மணி நேரமாவது தீனியை நிறுத்துங்கள். அவசரம் என்றால் அதற்கெல்லாம் நேரம் இல்லை. சலைன் ஏற்றி உடம்பை ஓரளவு நிமிர்த்திவிட்டு ஆரம்பிப்பதுதான் முக்கியம். நீர் வற்றிய ஆட்டை அப்படியே அறுத்தால் மேசையிலேயே போய்விடும்.

ஆட்டை வலது பக்கமாகப் படுக்க வைக்கிறோம். கழுத்துக்கு அடியில் ஒரு துணிச்சுருள் வைத்துத் தொண்டை உயரமாகவும் வாய் தாழ்வாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எதுக்களித்து வருவது வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழாயில் இறங்காது. இடதுபக்கத்தை அகலமாகச் சிரைத்து, சோப்பு, அயோடின் என்று மாற்றி மாற்றித் துடைக்கிறோம்.

மரப்பு ஊசியில் புதியவர்கள் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. மாட்டில் பழகிய கையோடு ஆட்டுக்கும் லிக்னோகைனைத் தாராளமாகப் போட்டுவிடுவார்கள். ஆட்டுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது பத்திரம். 30 கிலோ ஆடு என்றால் 150 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் வெறும் ஏழரை மில்லி. வெட்டுக்கோட்டுக்கு அது போதாதே என்று தோன்றும். அதனால் சலைன் கலந்து 1 சதவீதமாக்கி 15 மில்லியாகப் பரப்பிக்கொள்ளுங்கள். தலைகீழ் 'ட' வடிவத்தில் விலாவை ஒட்டியும் முதுகெலும்புக்குக் கீழேயும் போட்டால் நடுவில் உள்ள இடம் மரத்துவிடும். தூக்கத்துக்கு சைலசின் போடுவதானால் ஆட்டுக்கு மிகக் குறைந்த அளவே தாங்கும், சினை ஆட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது. கருப்பையை இறுக்கும், குட்டியின் மூச்சையும் மங்க வைக்கும்.

பள்ளத்தின் நடுவே, கடைசி விலாவுக்கு இரண்டு மூன்று விரற்கடை பின்னால், மேலிருந்து கீழாக 12 முதல் 15 சென்டிமீட்டர். தோல், அப்புறம் மூன்று தசை அடுக்கு, அப்புறம் வயிற்றுச்சவ்வு. உள்ளே சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் முதல் வயிறு தெரியும். அதை வெளியே இழுத்து, திறப்பதற்கு முன்பே சுற்றிலும் தோலோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். மொத்த அறுவையிலும் நான் அதிக நேரம் செலவழிக்கிற இடம் இதுதான். வயிற்றுக்குள் இருப்பது கோடிக்கணக்கான கிருமியோடு புளித்த தண்ணீர், அதில் ஒரு கரண்டி வயிற்றறைக்குள் சிந்தினாலும் அடுத்த வாரம் சவ்வு அழற்சியில் ஆட்டை இழக்க நேரிடும். தைத்தது பத்தாது என்று ஈரத்துணியையும் சுற்றிச் செருகுகிறேன்.

இரத்தக்குழாய் குறைவான இடமாகப் பார்த்து வயிற்றைத் திறந்து, கையை விட்டு அள்ள வேண்டியதுதான். நாற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. வெறும் தீனி அடைப்பு என்றால் எல்லாவற்றையும் காலி செய்துவிடாதீர்கள், பாதியோ முக்காலோ எடுத்தால் போதும், மிச்சத்தில் உள்ள நுண்ணுயிர்கள்தான் மறுபடி வேலையைத் தொடங்கும். புளித்த வயிறு என்றால் மொத்தமாக எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். கை உள்ளே இருக்கும்போதே முன்னால் நீட்டி, தேன்கூடு மாதிரி வலைவலையாகத் தட்டுப்படும் இரண்டாம் வயிற்றில் கம்பி, ஆணி ஏதும் இருக்கிறதா, அடுத்த வயிற்றுக்குப் போகும் வாய் திறந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூடுவதற்கு முன் ஆரோக்கியமான ஆடு அல்லது மாட்டின் முதல்வயிற்று நீரை வடிகட்டி ஒரு லிட்டராவது ஊற்றினால் ஆடு தேறுவது கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகமாக நடக்கும்.

மூடுவது கரையும் நூலில் இரண்டு அடுக்கு, விளிம்பு உள்பக்கம் மடிகிற மாதிரி. வெதுவெதுப்பான சலைனில் நன்றாகக் கழுவிவிட்டு, கையுறையையும் கருவிகளையும் மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் தோலோடு போட்ட தையலை அவிழ்த்து வயிற்றை உள்ளே விடுவது. தசை அடுக்குகளுக்குக் கரையும் நூல், தோலுக்கு நைலான்.

குட்டி வரவில்லை

ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள். கிடாயோடு சேர்த்த தேதியைக் குறித்து வைத்திருப்பவர்கள் பாதிச் சண்டையை முன்பே ஜெயித்துவிட்டார்கள். ஆரம்ப வலியில் எழுந்து படுத்து, தரையைச் சுரண்டி, வயிற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சில மணி நேரம் போகும், அதில் கவலை இல்லை. முக்கத் தொடங்கிவிட்டால், அல்லது பனிக்குடம் உடைந்துவிட்டால், கடிகாரத்தைப் பாருங்கள். பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் எதுவும் வெளியே வரவில்லை என்றால் கை விட்டுப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு, கையுறை போட்டு, வழவழப்பான களிம்பைத் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. ஈனும் ஆட்டின் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் டாக்ஸோபிளாஸ்மா, கிளமிடியா, கியூ காய்ச்சல் கிருமிகள் இருக்கலாம், மனிதக் கருவையும் அவை கலைக்கும்.

உள்ளே தட்டுப்படுவது முன்காலா பின்காலா என்பதுதான் முதல் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு குளம்பில் இருந்து மேலே போங்கள். முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்கால். ஒன்று ஒரு பக்கமும் அடுத்தது எதிர்ப்பக்கமும் மடங்கினால் பின்கால். இரண்டு முன்கால், அவற்றின் மேல் மூக்கு என்றால் சரியான நிலை. இரண்டு பின்கால் நேராக வந்தாலும் வெளியே எடுக்கலாம், ஆனால் இடுப்பு வந்ததும் தாமதிக்கக் கூடாது, தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும். இரண்டு கால் கிடைத்துவிட்டது என்று இழுப்பதற்கு முன், இரண்டும் ஒரே குட்டியுடையதா என்று காலோடு காலாகத் தடவி நெஞ்சு வரை போய்ப் பாருங்கள். இரட்டைக் குட்டிகள் ஒன்றின் காலும் மற்றதன் காலுமாக வாசலில் நின்று மல்லுக்கட்டுவது சாதாரணம்.

கால் மடங்கியிருக்கிறது, தலை பின்னால் திரும்பியிருக்கிறது என்றால் முதலில் குட்டியை உள்ளே தள்ளுங்கள், இழுப்பது அப்புறம். வாசலில் இடமில்லை, உள்ளேதான் திருப்ப இடம் இருக்கிறது. ஆடு முக்காத இடைவெளியில் தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு (அது கருப்பையைக் கிழிக்கும்) நேராக்கி, ஆடு முக்கும்போது மட்டும், சற்றுக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும்.

கால் மணி, இருபது நிமிடம் முயன்றும் நகரவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் நாலு பேர் மாறி மாறிக் கைவிட்டு, வீங்கி, காய்ந்து, கிழிந்து வருகிற ஆட்டுக்கு நான் என்ன செய்தாலும் பாதிதான். அதைவிட மோசம் ஆக்ஸிடோசின் ஊசி, கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து. கருப்பை வாய் திறக்காதபோது, அல்லது குட்டி குறுக்கே கிடக்கும்போது அதைப் போட்டால் மூடிய கதவில் குட்டியை மோத வைப்பதுதான், கருப்பை கிழிந்தே போகலாம்.

சிசேரியன் எப்போது என்றால்: கருப்பை வாய் இரண்டு விரல் மட்டும் நுழைகிற கெட்டியான வளையமாக நின்றுவிட்டது, இடுப்பெலும்பு வளரும் முன்பே சினையான சின்ன ஆடு, தலை பெருத்த குட்டி, திருப்பவே முடியாத நிலை, திருகிக்கொண்ட கருப்பை, செத்து ஊதிய குட்டி. கடைசியில் சொன்னது வந்தால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் இல்லை, போய்விட்டது என்று அர்த்தம்.

குட்டிக்காகத் திறப்பது

ஆட்டைப் படுக்க வைப்பதும் சிரைப்பதும் மரப்பதும் முன் சொன்ன மாதிரியேதான். தீனி நிறுத்துவது மட்டும் இங்கே கிடையாது, நிறைமாத ஆட்டைப் பட்டினி போட்டால், உடம்பு தன் கொழுப்பையே கரைக்கும்போது உண்டாகும் கீட்டோன் இரத்தத்தில் ஏறி அதுவே ஒரு நோயாகிவிடும். இடதுபக்கம் வெட்டுவதற்குக் காரணம், முதல் வயிறு ஒரு சுவர் மாதிரி நின்று குடலை வெளியே சரியவிடாது. வெட்டு சற்றுக் கீழே இறங்கலாம்.

கையை முதல் வயிற்றுக்கு அடியில் விட்டு, கருப்பைக்குள் இருக்கும் குட்டியின் காலைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, கருப்பைக் கொம்பை (ஆட்டின் கருப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும்) வெட்டுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். வெறும் கருப்பையைப் பிடித்து இழுத்தால் கிழியும். வெளியே புடைத்த வளைவில், பொத்தான் பொத்தானாகத் தெரியும் நஞ்சுக்கொடி ஒட்டுகளைத் தவிர்த்துக் கீறுங்கள், அவற்றில் கத்தி பட்டால் இரத்தம் நிற்காது. குட்டியை எடுத்து உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, கையை மறுபடி உள்ளே விட்டு மற்றக் கொம்பின் நுனி வரை தடவுங்கள். ஒருமுறை இரண்டு குட்டி எடுத்த திருப்தியில் தையலில் பாதி தூரம் போய்விட்டேன், ஊசி நுனிக்குப் பக்கத்தில் சுவர் லேசாக உதைத்தது. அன்றிலிருந்து கடைசியாக ஒரு தடவை தடவிப் பார்க்காமல் ஊசியைத் தொடுவதில்லை.

நஞ்சுக்கொடி தானாகக் கழன்று வந்தால் எடுங்கள், ஒட்டியிருந்தால் தொங்குவதை நறுக்கிவிட்டு மிச்சத்தை உள்ளேயே விடுங்கள், தையலில் மட்டும் அது மாட்டக் கூடாது. கருப்பையை உள்மடிப்பாகத் தைத்து, கழுவி, உள்ளே விட்டு, வயிற்றை மூடிய பிறகுதான் ஆக்ஸிடோசின். அதே மருந்து, இப்போது சரியான நேரத்தில், கருப்பையைச் சுருக்கி நஞ்சைத் தள்ள உதவும்.

குட்டிக்கு மூக்கு, வாய்ச் சளியை வழித்து, துணியால் முரட்டுத்தனமாகவே தேய்த்து, மூச்சு வரவில்லை என்றால் மூக்குத் துளைக்குள் ஒரு வைக்கோல் துண்டை விட்டுச் சீண்டுங்கள், தும்மினால் பாதிப் பிழைப்பு. தொப்புளை அயோடினில் முக்கி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலாவது உள்ளே போக வேண்டும், 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி, நாலைந்து தடவையாக.

வயிறும் குட்டியும் தனித்தனிக் கதை மாதிரி எழுதிவிட்டேன், நிறைமாத ஆட்டில் அவை ஒன்றாகவே வரும். இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் முதல் வயிறும் அசையாது, கருப்பையும் சுருங்காது, இரண்டுமே அந்தத் தாதுவை நம்பி இருக்கிற தசைகள். அதனால் ஈனப்போகும் நேரத்தில் தின்னாமல், வயிறு மந்தமாகி, முக்கவும் தெம்பில்லாமல் காது சில்லிட்டுக் கிடக்கும் ஆட்டுக்குக் கத்தியைத் தேடும் முன் கால்சியத்தை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். எழுந்து நின்று புழுக்கை போட்டு, தானாகவே ஈன்ற ஆடுகளும் உண்டு.

அப்புறம் வரும் பத்து நாள்

ஐந்து நாளைக்கு ஆண்டிபயாட்டிக், மூன்று நாளைக்கு மெலாக்சிகாம் போன்ற வலி மருந்து, டெட்டனஸ் தடுப்பு போட்டிராத ஆட்டுக்கு அதுவும். மருந்து கொடுத்த நாட்களின் பாலையும், மருத்துவர் சொல்லும் காலம் முடியும் வரை இறைச்சியையும் யாரும் தொடக் கூடாது.

காய்ந்த, தனியான இடம். முதல் நாள் தண்ணீரும் ஒரு கைப்பிடி இலைதழையும் போதும், தானியம் ஒரு வாரத்துக்கு வேண்டாம், குறிப்பாகப் புளித்த வயிற்றுக்காரருக்கு. காலை மாலை வெப்பம் பாருங்கள். 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி, 104ஐத் தாண்டினால் கூப்பிடுங்கள். இரண்டு நாளுக்குள் புழுக்கை வர வேண்டும், நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் பிடித்து இழுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்டைச் சுற்றி ஈ மொய்க்க விடாதீர்கள், புழு வைத்துவிட்டால் உள்தையல் வரைக்கும் போகும். முதல் மூன்று நாள் லேசாக வீங்கியிருப்பது இயல்பு, சூடாக, நாற்றத்தோடு கசிந்தால் இயல்பு இல்லை.

தோல் தையலை 10 முதல் 14 நாளுக்குள் பிரிக்கலாம். எத்தனை முடிச்சு போட்டேன் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். பிரிக்கிறவர் எண்ணிக்கொண்டே பிரிக்க வேண்டும், ஏனென்றால் அதற்குள் ரோமம் முளைத்திருக்கும், ஒரு முடிச்சு அதற்குள் ஒளிந்துகொண்டால் அடுத்த மாதம் அந்த இடத்தில் ஒரு சீழ்க்கட்டியாக வந்துதான் கணக்கைச் சொல்லும்.